சீனப் பெருங்கால்வாயில் இரட்டைக் கதவு மதகின் தோற்றம்

தமிழில் மதகு என்பது நீரை விடும் வாயிலையே குறிக்கும். படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றிற்கு ஏற்றியிறக்கும் இரட்டைக் கதவு மதகின் பணி வேறானது. கி.பி. 984இல் ஹுவாய்நான் பகுதியின் போக்குவரத்து அதிகாரி சியாவ் வெய்யுவே இத்தகைய மதகை அமைத்ததாகச் சோங் அரசமரபு வரலாறு குறிப்பிடுகிறது. அதற்குமுன், வரித்தானியம் ஏற்றிய படகுகள் சரிவான அணைகளின்மேல் இழுத்துக் கடத்தப்பட்டன. அவ்வாறு கடத்துகையில் படகுகள் அடிக்கடி உடைந்தன. மறைந்திருந்த கள்வர்கள் தானியத்தைக் கவர்ந்தனர்.

சியாவ் 50 தப்படிக்கு மேற்பட்ட இடைவெளியில் இரு தொங்குகதவுகளை நிறுவினார். கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவு மூடப்படும். மேலிருந்து நீர் புகுந்து, உள்நீர் மேல்மட்டத்தை எட்டியபின் படகு இழுபடாமலே மேற்செல்லும். இதனை நீரியல் நுட்பமாக மட்டும் காண்பது பொருந்தாது. அவ்வரலாறு இதன் பயனாகக் கூறுவது முந்தைய முறைகேடு முற்றிலும் ஒழிந்ததையே.