மேடையில் நறுக்கி, மேசையில் சமைத்து, காதில் பரிமாறி: ராக் கச்சேரியின் ஒலி எப்படி இயங்குகிறது?

வீட்டுப் பிள்ளைகளை ராக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே கேட்கப்போகும் ஒலி எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நம் காதுக்கு வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள். அது தெரிந்தால் எங்கே நிற்பது, பிள்ளைகளின் காதில் எதை மாட்டுவது, எப்போது கிளம்புவது என்ற மூன்று கேள்விக்கும் விடை தானாகக் கிடைத்துவிடும்.

புனேவாசிகளுக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. என்ஹெச்7 வீக்கெண்டர் என்ற திறந்தவெளி இசைவிழா 2010-ல் பிறந்தது இந்த ஊரில்தான். 2015-ல் அதன் புனே மேடையில் ஏ. ஆர். ரஹ்மான் பாடினார். 2019-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஓபெத் குழு அதே விழாவுக்காகப் புனேயின் மகாலட்சுமி லான்ஸுக்கு வந்தது. 2000-ல் வெளியான ‘கந்தீசா’ ஆல்பத்தைக் கல்லூரி விடுதியில் தேயத் தேயக் கேட்டவர்கள், இன்று அக்கா மகளையும் தம்பி மகனையும் கச்சேரிக்குக் கூட்டிப்போகும் வயதில் இருக்கிறார்கள்.

அந்த ஆல்பத்தைத் தந்த இந்தியன் ஓஷன் குழுவையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். 1990-ல் தில்லியில் தொடங்கிய குழு இது. பேஸ் கிட்டாருக்கு ராகுல் ராம், டிரம்ஸுக்கு அமித் கிலம். இவர்களோடு கிட்டாரும் தபலாவும் பாட்டும். இந்தக் கச்சேரி நடக்கும் மைதானத்தை ஒரு பெரிய கல்யாண வீட்டுச் சமையற்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் தொடங்கிக் கடைசிப் பந்தி வரை ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே நடப்போம்.

முதலில்: நறுக்கும் இடம்

கல்யாண சமையலில் முதலில் காய் நறுக்குவார்கள். கத்திரிக்காய் ஒரு தாம்பாளத்தில், முருங்கைக்காய் இன்னொன்றில் என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். மேடையில் நடப்பதும் அதுதான். ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியும் தனியாக எடுக்கப்படுகிறது.

பாடகர் முன்னால் இருக்கும் மைக்குக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சிறு கம்பிச்சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம். குரல் பட்டதும் சவ்வு அதிரும். சவ்வோடு சுருளும் அசையும். காந்தத்துக்கு நடுவே சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரில் இது கொஞ்சம் மாறும். அங்கே காந்தமும் சுருளும் அசையாமல் இருக்க, அவற்றின் மேலே எஃகுக் கம்பி அதிர்கிறது. இரண்டிலும் விளைவு ஒன்றுதான்: அசைவு மின்சாரமாகிறது.

தபலாவுக்கு இடது வலது என்று இரண்டு மைக். டிரம்ஸில் ஒவ்வொரு கொட்டுக்கும் ஒன்று, மேலே இருக்கும் தட்டுகளுக்குத் தனியாக ஒன்றிரண்டு என எட்டு, பத்து மைக் வரை போகும். இப்படி ஒரே குழுவுக்கு இருபது, முப்பது தாம்பாளங்கள் சேர்ந்துவிடும். ஆனால் மைக் தரும் மின்சாரம் மிகச் சிறியது. டார்ச் செல் தருவதில் சில நூறில் ஒரு பங்குதான். அதனால் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு பெட்டியில் எல்லா ஒயர்களையும் சேர்த்து, அங்கிருந்து ஒரே கேபிளில் பத்திரமாக அனுப்புகிறார்கள்.

பிறகு: தலைமைச் சமையல்காரரின் அடுப்பு

அந்தக் கேபிள் போய்ச் சேரும் இடம் மேடையில் இல்லை. கூட்டத்தின் நடுவே தடுப்பு போட்ட ஒரு சின்னப் பந்தல் இருக்குமே, அங்கேதான். உள்ளே நூற்றுக்கணக்கான குமிழ்களுடன் நீளமான ஒரு மேசை. அதுதான் மிக்ஸர். அதன் முன்னால் நிற்கும் சவுண்ட் இன்ஜினியர்தான் இந்தச் சமையலின் தவசிப்பிள்ளை.

முதலில் அவர் அளவு பார்க்கிறார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேலும் கீழும் நகரும் ஒரு தள்ளுகட்டை உண்டு. தபலா அமுங்கினால் அதை ஏற்றுவார். கிட்டார் குரலை மூடினால் கிட்டாரை இறக்குவார்.

பிறகு சுவை. ஒவ்வொரு ஒலியிலும் தாழ்ந்த பகுதி, நடுப்பகுதி, கூர்மையான பகுதி என்று பிரிவுகள் இருக்கின்றன. உப்பு, புளி, காரம் மாதிரி. பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் ஒரே தாழ்ந்த பகுதிக்குப் போட்டி போட்டால் ரெண்டும் குழம்பிவிடும். அதனால் ஒன்றில் கொஞ்சம் குறைத்து, மற்றதற்கு இடம் விடுவார். இதுதான் ஈக்வலைசர் செய்யும் வேலை.

பிறகு சூடு. பாடகர் மெதுவாகப் பாடிக்கொண்டிருப்பார். சட்டென்று உச்சத்துக்குப் போவார். பால் பொங்கும் நேரத்தில் விறகை இழுத்துத் தணலைக் குறைப்பதுபோல, ஒலி ஓர் அளவைத் தாண்டியதும் தானாகவே அதை அடக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் கம்ப்ரெஸர்.

கச்சேரிக்கு முன்பே மதியம் இதையெல்லாம் ருசி பார்த்துவிடுவார்கள். சவுண்ட்செக் என்பது அதுதான். ஆனால் பாயசம் ஆறினால் கெட்டியாகும் என்று தெரிந்து, சமையல்காரர் சற்று நீர்க்கவே இறக்கி வைப்பார். அதேபோல, காலி மைதானத்தில் கேட்கும் ஒலி கூட்டம் வந்ததும் மாறும் என்பது இன்ஜினியருக்குத் தெரியும். மனித உடம்பும் உடுப்பும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு பாட்டுக்குள் அவர் கை ஓயாமல் நகர்வதைப் பார்க்கலாம்.

மேடையில் இருப்பவர்களுக்கு ஒரு கரண்டி

இத்தனை சத்தத்தில் ராகுல் ராமுக்குத் தன் பேஸ் எப்படிக் கேட்கும்? அதற்கு மேடையோரத்தில் இன்னொரு சமையல்காரர் நிற்கிறார். ஒவ்வொரு கலைஞருக்கும் வேண்டிய கலவையைத் தனிக் கரண்டியில் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. டிரம்ஸ்காரருக்குப் பேஸ் தூக்கலாக, பாடகருக்குச் சுருதி தூக்கலாக. காலடியில் சாய்ந்திருக்கும் பெட்டியிலோ காதுக்குள் மாட்டிய கருவியிலோ அது வரும்.

சில நேரம் “வீஈஈ” என்று காதைக் கிழிக்கும் ஓர் ஓசை வரும். பிள்ளைகள் முகம் சுளித்து “மாமா, அது ஏன்?” என்று கேட்பார்கள். பரிமாறிய சாம்பார் திரும்ப அண்டாவிலேயே விழுந்து, அதற்கும் உப்புப் போட்டு மறுபடி பரிமாறினால் எப்படி இருக்கும்? ஸ்பீக்கரில் வந்த ஒலி அதே மைக்கில் நுழைந்து, மறுபடி பெருகி, மறுபடி நுழையும்போது அதுதான் நடக்கிறது. மைக்கை ஸ்பீக்கரிடமிருந்து திருப்பினாலோ அந்தக் குறிப்பிட்ட சுரத்தைக் குறைத்தாலோ நின்றுவிடும்.

அதன் பிறகு: பரிமாறுபவர்கள்

கலவை தயார். ஆனால் அது இன்னும் சின்ன மின்சாரம்தான். இதை ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்க வைப்பது ஆம்ப்ளிஃபயர். கேஸ் அடுப்பின் குமிழை நினைத்துப் பாருங்கள். விரலால் லேசாகத் திருப்புகிறோம்; பெரிய தீ எழுகிறது. தீயின் பலம் விரலில் இல்லை, சிலிண்டரில் இருக்கிறது. அதேபோல ஆம்ப்ளிஃபயரின் பலம் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. கலவை மின்சாரம் அந்தக் குமிழைத் திருப்பும் விரல் மட்டுமே.

அடுத்து அது ஸ்பீக்கருக்குப் போகிறது. மைக்கில் நடந்ததே இங்கே தலைகீழாக நடக்கும். மின்சாரம் சுருளை அசைக்கும். சுருள் ஒரு பெரிய கூம்பை அசைக்கும். கூம்பு காற்றைத் தள்ளும்.

சாம்பார் வாளி தூக்குபவரும் ஊறுகாய் வைப்பவரும் ஒரே ஆள் இல்லை. இங்கேயும் அப்படித்தான். தரையில் அடுக்கியிருக்கும் பெரிய பெட்டிகள் சப்வூஃபர். பேஸ், பெரிய டிரம் போன்ற தாழ்ந்த ஒலிகளை மட்டும் அவை சுமக்கும். நெஞ்சில் ‘தும்’ என்று விழுவது அவற்றின் வேலை. குரலும் கிட்டாரும் மேலே இரு பக்கமும் வளைந்து தொங்கும் பெட்டி வரிசையிலிருந்து வருகின்றன. 1992-ல் எல்-அகூஸ்டிக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் வி-டாஸ்க் என்ற பெயரில் கொண்டுவந்த இந்த முறை இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. மேல் பெட்டிகள் கடைசி வரிசையைப் பார்த்திருக்கும். கீழ்ப் பெட்டிகள் முன்வரிசையைப் பார்த்துக் குனிந்திருக்கும். ஒவ்வொரு பந்தி வரிசைக்கும் ஒரு பரிமாறுபவர் என்று கணக்கு.

கடைசிப் பந்தி

மைதானம் நீளமாக இருந்தால் நடுவே தூண்களில் இன்னும் சில ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒலி 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்கு சுமார் 343 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 வினாடி தாமதம். ஆனால் கேபிளில் மின்சாரம் கண்ணிமைக்கும் முன் போய்விடும். தூண் ஸ்பீக்கர் உடனே பாடினால் அங்கிருப்பவர்களுக்கு ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அதனால் தூண் ஸ்பீக்கரை வேண்டுமென்றே 0.3 வினாடி காக்க வைக்கிறார்கள். முன்பந்தியிலிருந்து வாளி வந்து சேரும் வரை பின்பந்தியின் ஆள் கரண்டியோடு நிற்பதுபோல. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறையும். டிசம்பர் மாலையில் புனே மளமளவென்று குளிரும் ஊர் என்பதால் இந்தக் காத்திருப்பைக்கூடத் திருத்த வேண்டியிருக்கும்.

கடைசியாக: இலை முன் உட்காரும் பிள்ளை

இதுவரை சமையலைப் பார்த்தோம். இனி சாப்பிடுபவரைப் பார்க்க வேண்டும். எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

காதுக்குள் நத்தை வடிவ உறுப்பில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அலையை நரம்புக்கான செய்தியாக மாற்றுபவை அவை. ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. அதனால் எவ்வளவு சத்தம் என்பதோடு, எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. ஒலி 3 டெசிபெல் ஏறினால் அதன் ஆற்றல் இரு மடங்காகும். அதனால் தாங்கும் நேரம் பாதியாகும். வேலையிடங்களுக்கான அமெரிக்க அளவுகோல் ஒன்று 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கலாம் என்கிறது. அப்படியானால் 94-ல் 1 மணி நேரம், 100-ல் வெறும் 15 நிமிடம். இதுவும் பெரியவர்களுக்கு. பிள்ளைகளின் வயிறு சின்னது, காதும் அப்படியே. பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வார அளவு பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபெல்லில்தான். இசை அரங்குகளுக்கு அதே நிறுவனம் 2022-ல் வகுத்த உச்சவரம்பு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபெல். காதடைப்பான் கொடுப்பதும், ஓய்வெடுக்க அமைதியான இடம் ஒதுக்குவதும் அந்த நெறிமுறையில் உண்டு.

நம் அரசு அலுவலகங்களும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே குழு அகமதாபாதில் பாட வந்தபோது, பிள்ளைகளை மேடையேற்றக் கூடாது, காதுப் பாதுகாப்பு இல்லாமல் உள்ளே விடக் கூடாது என்று அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு நோட்டீஸ் அனுப்பியது.

அதனால் முதலில் காது. சின்னப் பிள்ளைகளின் காதுத் துளைக்குள் நுரை அடைப்பான் சரியாக உட்காராது. காதை முழுதாக மூடும் இயர்மஃப்தான் நல்லது. பதின்வயதுப் பிள்ளைக்கு நுரை அடைப்பான் போதும். அதை விரல்களால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். வீட்டிலேயே பழக்கிவிட்டுக் கூட்டிப்போங்கள். இயர்மஃப் போட்டால் பாட்டு கேட்காது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். கேட்கும், அளவுதான் குறையும்.

பிறகு இடம். தலைமைச் சமையல்காரர் தான் நிற்கும் இடத்தில் ருசி பார்த்துத்தான் உப்புப் போடுகிறார். அதனால் மைதானத்தில் ஒலி மிகச் சரியாக இருக்கும் இடம் மிக்ஸர் பந்தலை ஒட்டிய இடம். முன்வரிசையைவிடச் சத்தம் குறைவு, நெரிசலும் குறைவு. நட்டநடுவில் மட்டும் நிற்காதீர்கள். இடமும் வலமும் இருக்கும் சப்வூஃபர்களின் ஒலி நடுக்கோட்டில் ஒன்றுசேர்ந்து தடிக்கும். சற்று ஒதுங்கி, பந்தலின் ஓரமாக நில்லுங்கள். முன்வரிசை ஆசை இருந்தால் ஒரு பாட்டுக்குப் போய்த் திரும்பலாம்.

பிறகு நேரம். மணிக்கொரு முறை உணவுக் கடைகள் பக்கம் கூட்டிப்போய்க் காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரவு 10 மணிக்குத் திறந்தவெளியில் ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி; வருடத்தில் 15 நாள் வரை மட்டும் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். புனேயில் 2023 ஏப்ரல் 30 அன்று ராஜா பகதூர் மில் மைதானத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் கச்சேரியையே 10 மணி ஆனதும் போலீஸார் மேடையேறி நிறுத்தினார்கள். அதனால் பிடித்த பாட்டு கடைசியில் வரும் என்று காத்திருந்து, பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு பாட்டுக்கு முன்பே கிளம்பினால் வாசல் நெரிசலும் இல்லை. காதில் ‘ங்ங்’ என்ற இரைச்சல் மறுநாளும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பந்தலோரம் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒருத்தி பேஸை மட்டும் பின்தொடரட்டும். ஒருவன் தபலாவை மட்டும். இன்ஜினியரின் கை நகரும்போது எந்த ஒலி ஏறியது, எது இறங்கியது என்று சொல்லச் சொல்லுங்கள். நாம் அந்த வயதில் மொத்தமாகக் கேட்டு மயங்கிய இசையை, இவர்கள் ஒவ்வொரு கையாகப் பிரித்துக் கேட்கப் பழகுவார்கள். அந்தப் பழக்கத்துக்கு இன்னும் அறுபது, எழுபது வருடம் நல்ல காது வேண்டும். அதைக் காப்பாற்றிக் கொடுப்பது கூட்டிப்போகும் நம் பொறுப்பு.