திருவொற்றியூர்த் தண்ணீர் ஏன் நகர மறுக்கிறது?

மழை விட்டு மூன்று மணி நேரமாகியும் வடசென்னையின் திருவொற்றியூர்த் தெருவில் கணுக்கால் தண்ணீர். பக்கத்திலேயே கான்கிரீட் வடிகால். கடலும் கூப்பிடு தூரம்தான். பிறகு ஏன்?

தண்ணீரை ஓட வைப்பது சரிவு. வேகம் இரு மடங்காக வேண்டுமானால் சரிவு நான்கு மடங்காக வேண்டும். தட்டையான எண்ணூர்க் கரையில் அதற்கு இடமேது? ஆகவே வடிகாலின் வடிவம்தான் கைகொடுக்க வேண்டும். அடி தட்டையாக இருந்தால் கொஞ்சத் தண்ணீர் பாய்போலப் பரவி, உரசலில் வேகமிழந்து, மணலை இறக்கிவிடும். நடுவில் குழிவாக இருந்தால் அதே தண்ணீர் ஒடுங்கி, ஆழமாகி, மணலையும் இழுத்துச் செல்லும். வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது, தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் சாலையோரத் துளை. கன்டெய்னர் லாரிகள் உதிர்க்கும் மண்ணும் ஒரு பால் கவரும் சேர்ந்தால் போதும், அது அடைத்துக்கொள்ளும். உள்ளே வடிகால் காலி. வெளியே சாலை குளம். மண்வெட்டியோடு வாராவாரம் ஓர் ஆள் வர வேண்டும். அந்தக் கூலியை வடிகால் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

கடைசித் தடை கடல். பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரமும் இந்த நீருக்கு முக்கிய வழி. ஓதம் ஏறினால் அங்கே மட்டம் உயர்ந்து, இருக்கிற சொற்பச் சரிவும் போய்விடும். கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்க வடிகால் வாயில் ஒருவழிக் கதவு பொருத்தலாம். ஆனால் கதவு மூடியிருந்தால் மழைநீரும் வெளியேறாது; ஓதம் இறங்கும்வரை அது காத்திருக்கக் குளமோ சதுப்போ மிச்சமிருக்க வேண்டும்.