தங்கவயலில் ஒரு 'லைன்'

'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 'கோடு' என்று பளிச்சென்று பதில் வரும். கொஞ்சம் கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தால் 'வரி', 'வரிசை' என்றும் சேர்த்துச் சொல்லும். மூன்றும் சரிதான். ஆனால் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு முதலில் வாயில் வருவது வேறு. லைன் என்றால் எங்களுக்கு வீடு.

இந்தச் சொல்லை நம்மவர்கள் எப்படியெல்லாம் வளைத்து வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. ரேஷன் கடையில் லைனில் நிற்கிறோம். ஊருக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டு, லைன் கிடைக்கவில்லை என்று இரவெல்லாம் விழித்திருந்த காலம் உண்டு. மின்சாரம் போனால் லைன்மேனைத் தேடுகிறோம். கல்லூரி வாசலில் நிற்கும் பையன் லைன் அடிக்கிறான். சேலம், நாமக்கல் பக்கம் வட்டிக்குக் கொடுத்துவிட்டு ஊர் ஊராக வசூலுக்குப் போகிறவர், 'லைனுக்குப் போயிருக்கார்' என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். 'சேர்ந்ததும் ரெண்டு லைன் எழுதிப் போடுப்பா' என்று ரயிலடியில் கண்ணைத் துடைத்துக் கொண்ட அம்மாவை நம்மில் பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

இத்தனைக்கும் மூலம் ஒரு நூல்தான். சணல் போன்ற ஆளிச் செடியின் நாரில் நெய்வது லினன் துணி. அந்தச் செடிக்கு லத்தீனில் 'லீனும்'. அந்த நாரில் திரித்த கயிறு 'லீனியா'. அதிலிருந்து வந்ததே லைன். நம் கொத்தனார் சுவரெழுப்பும்போது நூல் பிடிக்கிறாரே, அதே நூல்தான் அங்கேயும் நேர்கோட்டுக்கு அளவாக இருந்திருக்கிறது. தையற்காரர் கோட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங்கும் இதே குடும்பம். முன்பு உள்துணியாக லினனைத்தான் வைத்தார்கள். 'நூல் பிடித்தாற்போல' என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, நூல் எப்படி வீடாயிற்று? அது பட்டாளத்தின் வேலை. சிப்பாய்களின் கூடாரங்களையும் குடிசைகளையும் வரிசை வரிசையாக அமைத்து அதற்கு 'லைன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். போலீஸ் லைன் அதன் தம்பி. இதில் ஒரு வேடிக்கை. வடக்கே டில்லியிலும் அலகாபாத்திலும் 'சிவில் லைன்ஸ்' என்றால் வெள்ளைக்கார அதிகாரிகள் தோட்டமும் துரவுமாக வாழ்ந்த இடம். இன்றைக்கும் அங்கே வீடு என்றால் ஒரு மதிப்பு. தங்கவயலிலோ துரைகள் இருந்தது பங்களாவில். லைன் என்பது தொழிலாளிக்கு. சொல் ஒன்றுதான், அது யார் தலைமேல் கூரையாக நின்றது என்பதில்தான் வித்தியாசம்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி தங்கவயலுக்கு வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் கிராமத்தில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டுக் கிடந்தவர்கள் பெரும்பகுதி. மூங்கில் தட்டிச் சுவர் வைத்த வரிசைக் குடிசைகளில் அவர்களைக் குடியேற்றினார்கள். பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நாலு வீட்டில் தூக்கம் கெடும். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். கீழே ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்தால், லைன் முழுக்க அடுப்பு எரியாது.

அந்த வீட்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. கால் நீட்டிப் படுத்தால் சுவர் இடிக்கும். ஆனால் அங்கே இன்னொரு லைனும் இருந்தது, எழுத்து வரி. 1907இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன. அவர் மறைந்த பிறகு அவருடைய நூல்களை வெளியிட்டதும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்கள் மண்ணெண்ணெய் விளக்கடியில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கொள்வேன். நம் சங்கத்துக்கு நூலகம் வேண்டும் என்று வருடா வருடம் தீர்மானம் மட்டும் போடுகிற நாம் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

'லைன்' தமிழர் போன இடமெல்லாம் கூடவே போயிருக்கிறது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அது 'லயன்' ஆகி, 'லயம்' என்று தமிழ் முகம் போட்டுக் கொண்டது. ஓர் அறை லயத்துக்கு அங்கே 'லயன் காம்பரா' என்று பெயர். மலாயா ரப்பர் தோட்டத்திலும் லயம் உண்டு. சங்கீதத்தில் லயம் என்றால் தாளத்தோடு ஒன்றுவது; தோட்டத்தில் லயம் என்றால் பத்தடி அறையில் ஒரு குடும்பம் ஒன்றுவது. கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் இருந்தால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தங்கவயல்காரரும் அவர்களும் இந்த ஒரு சொல்லைக் கொண்டே அரை மணி நேரம் பேசுவார்கள்.

தங்கவயலுக்கு வேறு இரண்டு லைன்களும் பெருமை தந்தன. ஒன்று ரயில் லைன். பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை சுரங்கங்களுக்காகவே போட்ட பாதை. 1894இல் வண்டி ஓடியது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்களின் பெயரைச் சொன்னாலே சுரங்கங்களின் பெயரைச் சொன்ன மாதிரி. மற்றது மின்சார லைன். காவிரி விழும் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியாக வந்து 1902 ஜூன் 30ஆம் தேதி தங்கவயலை அடைந்தது. உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அன்றைக்கு அது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். நாங்கள் மூன்று வருடம் மூத்தவர்கள் என்று இன்னமும் பெங்களூர்க்காரரிடம் சொல்லிக் கொள்வோம். இந்தத் திட்டத்துக்குப் பாடுபட்ட திவான் சேஷாத்திரி ஐயர் அதைக் காண இருக்கவில்லை, 1901இலேயே காலமாகிவிட்டார். அந்தக் கம்பி வந்தது சுரங்க எந்திரங்களுக்காக. லைன் வீடுகளை நினைத்து யாரும் அதை இழுத்து வரவில்லை.

எங்கள் ஊரில் 'நீ எந்த லைன்?' என்பது ஊர், உறவு, அப்பாவின் வேலை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும் கேள்வி. பெங்களூரில் வேலைக்குப் போன ஒரு பெரியவரை, அங்கே ஒருவர் 'சார் எந்த லைன்ல இருக்கீங்க?' என்று தொழிலை விசாரித்தாராம். இவர் 'மாரிகுப்பம்' என்று சொல்லிவிட்டு, குழாயடிக்குப் பக்கத்தில் மூன்றாவது வீடு என்று அடையாளமும் சொன்னாராம்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. 'மைன்' என்றால் ஆங்கிலத்தில் சுரங்கம், 'என்னுடையது' என்றும் பொருள் என்று பள்ளியில் படித்தோம். மூடிய பிறகு அந்த இரண்டாவது பொருள்தான் வழக்காயிற்று. மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்து, தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் வைத்து, ஓட்டை மாற்றி, முன்னால் ஒரு முருங்கையும் நட்ட வீடு. ஆனால் மண் கம்பெனியின் மண். வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு குடும்பங்கள் வருடக்கணக்காக அலைந்தன. வேலை போனவனை வீட்டிலிருந்தும் எழுப்பி விடுவார்களோ என்ற பயம் எத்தனை பேர் தூக்கத்தைத் தின்றது என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

வேலை போன பிறகு மிஞ்சியது ரயில் லைன். மாரிகுப்பத்தில் விடியுமுன் வண்டி ஏறி, பெங்களூரில் கட்டட வேலை, கடை வேலை, ஆபீஸ் வேலை என்று பார்த்துவிட்டு, இருட்டிய பின் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். வண்டியிலேயே சீட்டாட்டம், பஜனை, காய்கறி நறுக்குவது, தூக்கம் எல்லாம் நடக்கும். 'பெங்களூருக்கே குடிபோய்விடலாமே, இத்தனை அலைச்சல் எதற்கு?' என்று கேட்டால், அங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பார்கள். அது உண்மைதான். கொஞ்சம் நேரம் கழித்து, 'லைன்ல வீடு இருக்குதுங்களே' என்பார்கள்.