ஆளுக்கு உரிமை, வண்டிக்கு அனுமதி

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கும். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்சந்தை, மணவாளக்குறிச்சி என்று கார் வந்து, வள்ளியாறு கடலில் விழுகிற கரைப்பக்கம் கொண்டு சேர்க்கும். இப்போது சில இளைஞர்களுக்கு வேறொரு ஆசை வந்திருக்கிறது. "அங்க வாங்குன பைக்லயே ஊருக்கு வந்துரலாமாண்ணே?" துபாயிலோ லண்டனிலோ கிளம்பி, பல நாடு தாண்டி, பேதுரு பவுல் ஆலய முற்றத்தில் கொண்டுவந்து வண்டியை நிறுத்த வேண்டும்.

நல்ல ஆசைதான். ஆனால் கிளம்பும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தியக் குடிமகன் இந்தியாவுக்குத் திரும்பி வருவது அவனுடைய உரிமை. எந்த மனிதனும் தன் நாட்டுக்குத் திரும்பலாம் என்று 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 13-ஆவது பிரிவில் சொல்கிறது. வெளிநாட்டுப் பயணம் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அவன் ஏறிவரும் வண்டிக்கு இப்படி எந்த உரிமையும் கிடையாது. ஒவ்வொரு எல்லையிலும் அது தவணை வைத்து உள்ளே விடப்படும் விருந்தாளி. இந்தப் பயணத்தில் வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை, வண்டிக்கும் தனக்கும் ஒரே சட்டம் என்று ஆள் நினைத்துக்கொள்வதால் வருபவை.

முதலில் ஆளைப் பற்றிப் பேசுவோம். வளைகுடாவில் மீன்பிடிக்கப் போன நம் ஆட்களில் பலருடைய பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருப்பதில்லை. கபிலின், அதாவது வேலைக்கு எடுத்த முதலாளியின், பெட்டிக்குள் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி இந்திய பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதைப் பிடுங்கி வைக்க எந்த முதலாளிக்கும் அதிகாரமில்லை. வளைகுடா நாடுகளின் சட்டங்களும் இதைத் தடை செய்கின்றன. ஆனாலும் நடக்கிறது. 2024 பிப்ரவரி 6 அன்று, குவைத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் கடல் தாண்டிவந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் மூவர் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா அருகே பிடிபட்டார்கள். சம்பளம் தரவில்லை, அடித்தார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் முதலாளியின் படகையே எடுத்துக்கொண்டு வந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். தம் நாட்டுக்குத்தான் வந்தார்கள். ஆயினும் ஆவணமில்லாமல் நுழைந்ததற்காக அவர்கள்மேல் வழக்குப் பதிவானது. 2025 பிப்ரவரியில் ஓமனிலிருந்து இதே போலப் படகில் வந்த தமிழக மீனவர் மூவர் கர்நாடகத்தின் மால்பே அருகே பிடிபட்டார்கள்.

கடலானாலும் தரையானாலும் இதில் பாடம் ஒன்றுதான். பாஸ்போர்ட் உங்கள் கையில் இல்லாவிட்டால் பைக் பயணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்; ஊரிலிருக்கும் குடும்பத்தாரும் அதில் பதியலாம். பாஸ்போர்ட் கிடைக்கவே இல்லையென்றால் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அது இந்தியாவுக்கு ஒருமுறை வந்து சேர்வதற்கான தாள் மட்டுமே. அதைக் காட்டி நாடு நாடாக விசா வாங்க முடியாது. விமானத்தில் வாருங்கள், வண்டியை மறந்துவிடுங்கள். வெளியேறும் நாட்டில் கடனோ வழக்கோ பாக்கியிருந்தால் பயணத் தடை விழுந்திருக்கும். எல்லைச் சாவடியில் போய் அதைத் தெரிந்துகொள்வதைவிட, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

மனிதனுக்கு ஆபத்து என்றால் அரசு வரும். கொரோனா காலத்தில் ஈரானில் மாட்டிக்கொண்டிருந்த நம் மீனவர்களுக்காக பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு ஐ.என்.எஸ். ஜலஷ்வா போர்க்கப்பல் போனது. 2020 ஜூலை 1 அன்று அது 687 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. உங்கள் பைக்குக்காக அப்படி ஒரு கப்பல் வராது.

இனி வண்டி. ஈரான், பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளுக்குள் வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி நுழைய 'கார்னெட்' என்ற சுங்கப் புத்தகம் வேண்டும். "இந்த வண்டியை இந்த நாட்டில் விற்க மாட்டேன், திரும்ப வெளியே கொண்டுபோய்விடுவேன்; தவறினால் வரியை எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஓர் ஆட்டோமொபைல் சங்கம் உங்களுக்காகக் கொடுக்கும் வாக்கு அது. சங்கம் அதைச் சும்மா தராது. வங்கி உத்தரவாதமோ டெபாசிட்டோ கேட்கும். வண்டி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ பொதுவாக அந்த நாட்டுச் சங்கத்தில் வாங்க வேண்டும். இந்தியப் பதிவெண் வண்டிக்கு மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. ஓராண்டுதான் செல்லும்.

அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு முத்திரை வைப்பார். வெளியேறும்போது இன்னொரு துண்டு போகும். மூன்றாவது அடிக்கட்டை, உங்களிடமே இருக்கும். நகையை அடகு வைத்தவர் ரசீதைப் பத்திரப்படுத்துவது போல அந்த அடிக்கட்டையைக் காக்க வேண்டும். இரண்டு முத்திரையும் அதில் இருந்தால்தான் டெபாசிட் திரும்பும். களைப்பில், இரவு நேரச் சாவடியில், வெளியேறும் முத்திரையை வாங்காமல் வந்துவிட்டால் வண்டி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கணக்கு. மாதங்கள் கழித்து வரிக் கோரிக்கை வரும். இதற்கும் பரிகாரம் உண்டு. கார்னெட்டின் பின்பக்கத்தில் 'வண்டி இங்கே இருக்கிறது' என்று சான்றளிக்கும் படிவம் இருக்கிறது. சுங்கத்துறை, காவல்துறை அல்லது தூதரகம் வண்டியை நேரில் பார்த்து இன்ஜின் எண், சேஸிஸ் எண் சரிபார்த்து அதில் கையெழுத்திட்டால், அதை வைத்து வாதாடலாம். விபத்தில் வண்டி நொறுங்கினாலும் வழியில் போட்டுவிட்டு வர முடியாது. அந்நாட்டுச் சுங்கத்திடம் முறைப்படி ஒப்படைத்துத் தாள் வாங்கினால்தான் கணக்கு முடியும்.

வண்டி திருடு போனால்? 2025-இல் மும்பையிலிருந்து நேபாளம், திபெத், மத்திய ஆசியா, ஐரோப்பா என்று இங்கிலாந்துவரை ஓட்டிப்போன ஓர் இந்தியரின் பைக், அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று நாட்டிங்ஹாம் நகரப் பூங்கா ஒன்றில் பட்டப்பகலில் களவு போனது. பாஸ்போர்ட்டும் பணமும் ஆவணங்களும் வண்டியில் கட்டியிருந்த பெட்டிகளோடு போயின. அத்தனை மலையும் பாலைவனமும் தாண்டியவருக்கு ஓர் அமைதியான நகரத்தில் இப்படி நேர்ந்தது. வண்டி கண்முன் இல்லாதபோது பாஸ்போர்ட்டும் கார்னெட்டும் அதில் இருக்கவே கூடாது. உடம்போடு ஒட்டிய பையில் இருக்க வேண்டும். களவு போன அன்றே போலீஸில் புகார் எழுதி நகல் வாங்க வேண்டும். அந்த நகல் இல்லாமல் புதிய பாஸ்போர்ட், இன்சூரன்ஸ் இழப்பீடு, கார்னெட் டெபாசிட் என்று எதைக் கேட்டாலும் இழுபறிதான்.

எந்த வழியாக வருவது என்ற கேள்விக்கு வரைபடத்தைவிட அரசியலே அதிகம் பதில் சொல்கிறது. 1957-இல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு பஸ்ஸே ஓடியது. டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973 முதல் 1977 வரை ஒரு டிரையம்ப் பைக்கில் உலகத்தைச் சுற்றி வந்தார், இந்தியாவையும் தொட்டுப் போனார். 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையும் வந்தபின் அந்தப் பழைய பாதை அறுந்தது. இன்றைக்கு இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு மேற்கு வாசல் ஏறத்தாழ மூடியே இருக்கிறது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் பாகிஸ்தானுடனான அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. இந்தியர்களுக்குத் தந்திருந்த விசா விலக்கை ஈரான் 2025 நவம்பர் 22 முதல் நிறுத்திவிட்டது. வேலை வாங்கித் தருகிறோம், ஈரான் வழியாக வேறு நாட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று ஏமாற்றி அழைத்துச் சென்று, அங்கே கடத்திப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்த பிறகு நடந்தது இது. "ஈரான் பார்டர் நம்ம பையன் பாத்துக்குவான்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே மியான்மர் வழி, 2021 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நம்பத்தக்கதாக இல்லை. மிஞ்சுவது வடக்கு: ஐரோப்பா, மத்திய ஆசியா, சீனா, திபெத், நேபாளம். சீனா சர்வதேச லைசென்ஸை ஏற்பதில்லை. அங்கே தற்காலிக லைசென்ஸும் எண்பலகையும் அனுமதி பெற்ற வழிகாட்டியும் தேவை. பயணச் செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகும். 2025 ஜூலை 8 அன்று போட்டேகோசி வெள்ளம் ரசுவாகடியில் நேபாள–சீன நட்புப் பாலத்தை அடித்துப் போனதை நினைவில் வைத்து, மலைச் சாவடிகளுக்கு மாற்று வழியும் உபரி நாட்களும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வருபவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். துபாயிலிருந்து கடியப்பட்டணம்வரை இன்றைக்கு நேர்வழியில் சக்கரம் உருண்டு வர முடியாது. வண்டியைக் கப்பலேற்றித் துறைமுகத்தில் எடுத்து, அங்கிருந்து ஓட்டலாம். மும்பை என்றால் பன்வேலில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66 கொங்கணம், மங்களூரு, கொச்சி என்று கடலோரமாகவே வந்து மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரியில் முடியும். அதுவே பெரிய பயணம்தான்.

லைசென்ஸ் விஷயம் எளிது. இந்திய லைசென்ஸ் உள்ளவர் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம். அது ஓராண்டு செல்லும். வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதியானால், 2021 ஜனவரியில் வந்த விதிப்படி அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலமே மறுபடி விண்ணப்பிக்கலாம். இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு வண்டிக்கானது. நாடு மாறும்போது அது செல்லுமா என்று பார்த்து, செல்லாத எல்லையில் புதிதாக வாங்க வேண்டும். மருத்துவக் காப்பீடு உங்களுக்கானது. பயணக் காப்பீடுகள் பலவற்றில் பைக் ஓட்டி வந்த காயத்துக்கு விலக்கு இருக்கும், அல்லது குறிப்பிட்ட சி.சி.க்கு மேல் செல்லாது என்றிருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலைக்குப் போகும்போது எடுத்த பிரவாசி பாரதீய பீமா திட்டத்தை இதற்கு நம்பி இருக்க வேண்டாம்.

இந்தியாவுக்குள் வந்தபின் ஆபத்து முடிந்தது என்று நினைப்பார்கள். வண்டிக்கு இங்கேதான் சிக்கல் தொடங்கும். 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி வெளிநாட்டுப் பதிவெண் வண்டியில் பதிவுச் சான்று, லைசென்ஸ், காப்பீடு, சொந்த நாட்டில் தேவையென்றால் புகைச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அரபி மட்டும் உள்ள ஆர்.சி.யைக் காட்டினால் செல்லாது. கார்னெட்டில் வந்த வண்டி ஆறு மாதத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். விற்கக் கூடாது. தம்பியிடமோ மச்சானிடமோ விட்டுவிட்டு நீங்கள் மட்டும் விமானம் ஏறவும் கூடாது.

அப்படியானால் வேலையை முடித்து நிரந்தரமாக ஊருக்கு வருகிறவர் வண்டியை வைத்துக்கொள்ளவே முடியாதா? கார்னெட்டில் முடியாது, அது வந்து திரும்பிப் போகிறவர்களுக்கானது. இறக்குமதி என்று செய்தால், பழைய வண்டி தயாரித்து மூன்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும், அதன்மேல் கனத்த சுங்க வரி. கணக்குப் போட்டால் பெரும்பாலும் வண்டியை அங்கேயே விற்றுவிட்டு வருவதுதான் புத்தி. கண்டம் தாண்டும் ஆசை அவ்வளவு தீவிரமாக இருந்தால், ஊரில் பதிவு செய்த வண்டியை இந்திய கார்னெட்டில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருவதையே நான் சொல்வேன். அந்த வண்டி ஒன்றுதான் உண்மையில் வீடு திரும்பும் வண்டி.

கிளம்புகிறவர் வீட்டில் ஒருவரிடமாவது முழு விவரத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா, கார்னெட், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள், எந்தத் தேதியில் எந்த எல்லை என்ற குறிப்பு, வழியிலுள்ள இந்தியத் தூதரகங்களின் எண்கள், இரத்த வகை. அடுத்த சாவடி தாண்டியதும் செய்தி அனுப்புவது என்று ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளுக்குமேல் தகவல் இல்லையென்றால் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793-க்கு உடனே அழைக்கலாம். நாகர்கோவிலில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம். 'மதத்' தளத்தில் பாஸ்போர்ட் எண்ணோடு புகார் பதியலாம். வெளிநாட்டில் சிகிச்சைக்கோ, இறந்தவர் உடலைக் கொண்டுவரவோ வழியில்லாத குடும்பங்களுக்குத் தூதரகங்களில் இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. அது தானாக வராது, கேட்டு எழுத வேண்டும். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்தென்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த ஊர், எந்த நாடு என்று பார்ப்பதில்லை. சேர்ந்த மருத்துவமனை அத்திட்டத்தில் உள்ளதா என்பதை மட்டும் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.