வாஷிங்டனின் பண்ணையைக் காத்த ஆறு

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய வேளாண் அறிவைப் புகழ்வார்கள். வர்ஜீனியாவில் பொட்டோமேக் ஆற்றங்கரை மேட்டில், ஐந்து பண்ணைகளாகப் பிரிந்து சுமார் 8,000 ஏக்கருக்குப் பரந்திருந்த அந்த நிலத்தின் அமைப்பைப் பார்த்தால், புகழில் பெரும்பங்கு ஆற்றுக்குத்தான் சேர வேண்டும். அது கடலோரச் சமவெளி. மணல், சரளை, களிமண் என்று அடுக்கடுக்காகப் படிந்த வண்டல் பூமி. மேல்மண்ணுக்கு அடியில் தண்ணீர் எளிதில் இறங்காத களி. பெருமழை பெய்தால் நீர் வழிந்தோடி, மேல்மண்ணை அரித்துப் பள்ளம் பறித்துவிடும். இப்படிப்பட்ட நிலத்தில்தான் சத்தை வேகமாக உறிஞ்சும் புகையிலையைப் பயிரிட்டார்கள். 1760களின் நடுவில் வாஷிங்டன் அதைக் கைவிட்டுக் கோதுமைக்கு மாறினார். லண்டன் வணிகர்கள் கொடுத்த குறைந்த விலையும் ஏறிய கடனுமே காரணம் என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் விலை இறங்கியதற்கு இலையின் தரமும் ஒரு காரணம். அந்தத் தரக் குறைவில் மண்ணுக்கும் பங்குண்டு.

ஆறோ வாரி வழங்கியது. பொட்டோமேக்கின் பாறைத் தடுப்பு மேலே, இன்றைய வாஷிங்டன் நகருக்கு அருகில் இருக்கிறது. அதுவரை கடலின் ஏற்றவற்றம் எட்டும், கப்பலும் வரும். பண்ணையோ அதற்குக் கீழே இருப்பதால், ஆலையில் அரைத்த மாவைக் கரையிலேயே கப்பலேற்ற முடிந்தது. வசந்தத்தில் ஷாட், ஹெர்ரிங் மீன்கள், நம் உல்லத்தைப் போல, முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும். சில வாரங்களே நீடிக்கும் அந்தப் பருவத்தில் கரைவலை போட்டு, 1772இல் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமான ஹெர்ரிங் பிடித்தார்கள். உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்த மீன் விற்பனைக்குப் போனது. கழிவு வயலுக்கு உரமானது. 1793இல் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆர்தர் யங்குக்கு எழுதிய கடிதத்தில், பத்து மைலுக்கு மேல் நீளும் தன் கரை முழுவதையுமே மீன்பிடித்துறை என்றுதான் வாஷிங்டன் விவரித்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட நினைத்தவர், முதலில் எதைக் காட்டினால் விலைபோகும் என்று அறியாதவரா?

பயிர்ச் சுழற்சியும், பதினாறு பக்கங்கள் கொண்ட கதிரடிக் களஞ்சியமும் அவருடைய திறமைக்குச் சான்றுகளே. அவை மண்ணின் சரிவைத் தாமதப்படுத்தின. அடியிலிருந்த களியை மாற்றவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ஆறு தானாக வலை இழுக்கவில்லை. 1799இல் அங்கே 317 அடிமைகள் இருந்தனர். வலை இழுத்ததிலும் மீனைச் சுத்தம் செய்து உப்பிட்டதிலும் அவர்களுடைய உழைப்பே பெரும்பகுதி. அவர்களுக்கு அளந்து கொடுத்த உணவிலும் அதே உப்பு ஹெர்ரிங்தான் இருந்தது.