மரம் காக்கும் நுண்ணுயிரி

இமயமலைச் சாரலில் 'யூ' என்னும் ஊசியிலை மரம் வளர்கிறது. உத்தராகண்ட் மக்கள் இதனைத் 'தூனேர்' என்பர். மிக மெதுவாக வளரும் இம்மரத்திற்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. அதற்குக் காரணம் யூ மரங்களில் இருந்த அரிய மருந்தே ஆகும்.

அமெரிக்காவில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962ஆம் ஆண்டு ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. புற்றுநோயைத் தடுக்கும் பொருள் ஒன்று அதில் இருந்தது. அதன் அமைப்பை மன்ரோ வால், மன்சுக் வாணி முதலிய அறிவியலாளர்கள் 1971இல் வெளியிட்டனர். வாணி, மகாராட்டிர மாநிலம் நந்துர்பாரில் பிறந்தவர். 'டாக்சால்' எனப்படும் அப்பொருள், 1992இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

மருந்து கிடைத்தது, மரமோ அழிந்தது. 1 கிலோ டாக்சாலுக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை தேவைப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். பின்னர், இலைகளைக் கொண்டு மருந்து செய்யும் வழி கண்டறியப்பட்டது. அதனால் இமயமலை யூ மரங்களின் இலைகளும் அளவின்றிப் பறிக்கப்பட்டன. இன்று அது அழியும் நிலையிலுள்ள மரமாகும். நோயாளியைக் காப்பதா, மரத்தைக் காப்பதா?

விடை தேடியோர் பாக்டீரியாவை நாடினர். மனிதக் குடலில் வாழும் எஸ்செரிசியா கோலை என்னும் பாக்டீரியா, ஏற்ற சூழலில் 20 நிமிடங்களில் இரண்டாகப் பெருகும். எளிய உணவே அதற்குப் போதும்.

யூ மரம் டாக்சாலைப் பல படிகளில் உருவாக்குகிறது. அப்படிகளை நொதிகள் நடத்துகின்றன. ஒரு நொதியைச் செய்யும் முறை மரபணுவில் அடங்கியுள்ளது. அம்மரபணுவைப் பாக்டீரியாவினுள் செலுத்தினால் அதுவும் அந்நொதியைச் செய்யும். ஒரு வீட்டின் சமையற்குறிப்பைக் கொண்டு மற்றொரு வீட்டில் சமைப்பது போன்றது இது.

எனினும், குறிப்பு மட்டும் போதாது. முதற்படிகள் விரைந்தால் பொருள்கள் தேங்கும். தாமதித்தால் அடுத்த படிக்கு மூலப்பொருள் கிட்டாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் சமன்செய்தனர். 2010இல், டாக்சாலின் முன்னோடியான 'டாக்சாடையீன்' ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் கிடைத்தது. விளைச்சல் சுமார் 15,000 மடங்கு உயர்ந்தது.

டாக்சாடையீன் டாக்சால் ஆவதற்கு இன்னும் பல படிகள் உள்ளன. இன்று யூ மரத்தின் உயிரணுக்களைப் பெருங்கலன்களில் வளர்த்தும் டாக்சால் எடுக்கப்படுகிறது. பாக்டீரியா அப்பணியை முழுமையாக ஏற்கும் நாள் வரும்வரை, காட்டில் நிற்கும் மரத்தைக் காப்பது மனிதரின் கடமையாகும்.

சொற்பொருள்
சாரல் – மலைச்சரிவு
பட்டுப்போதல் – காய்ந்து அழிதல்
நொதி – உயிரினுள் வேதி மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
முன்னோடி – முன்னர் உருவாவது

வினாக்கள்
1. யூ மரங்கள் அழியக் காரணம் யாது?
2. மரபணு சமையற்குறிப்புடன் ஒப்பிடப்படுவது ஏன்?
3. நீங்கள் வாழும் ஊரிலுள்ள மருந்து மரம் ஒன்றன் பெயரை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் எழுதுக.