கோழிக்கறியைக் குழாயடியில் அலசாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து பை வந்து இறங்கியதும் பல வீடுகளில் முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டு, மஞ்சள்தூள் போட்டு, கோழிக்கறியை நாலைந்து தண்ணீரில் அலசுவதுதான். சுத்தம் கருதிச் செய்யும் இந்த வேலையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பச்சைக்கறியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். அலசினால் அவை சாவதில்லை. மஞ்சளை நம்பியும் இருக்க முடியாது. தண்ணீர் தெறித்த இடமெல்லாம், பக்கத்துத் தட்டு, டம்ளர், கொத்தமல்லி என்று, அவை பரவிவிடுகின்றன. கறியாவது அடுப்பில் வேகும். தயிர்ப்பச்சடிக்கு நறுக்கிய வெங்காயம் வேகாது.

கழுவவே வேண்டாம் என்பதுதான் உணவுப் பாதுகாப்பு வல்லுநர்களின் அறிவுரை. ஆனால் நம் கடைகளில் வெட்டித் தரும் கறியில் ரத்தமும் எலும்புத்தூளும் ஒட்டியிருக்க, அப்படியே சட்டியில் போட யாருக்கும் மனம் வராது. கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் கறியை மூழ்கவிட்டு மெதுவாக அலசி, தெறிக்காமல் வடித்துவிடுங்கள். பிறகு சிங்க், குழாய்த் திருகு, அரிவாள்மணை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காய்களைக் கறியைத் தொடும் முன்பே நறுக்கி எடுத்து வைத்துவிடலாம். ஃபிரிட்ஜில் பச்சைக்கறி மூடிய டப்பாவில் அடித்தட்டிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் அதன் நீர் கீழிருக்கும் சாப்பாட்டில் சொட்டும்.

நன்றாகக் கொதித்த குழம்பில் பயமில்லை. வறுவலில்தான் ஏமாந்துபோகிறோம்: மேலே மசாலா சிவந்திருக்கும், எலும்பை ஒட்டிய சதை வேகாமல் நிற்கும். துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் இருப்பதிலேயே பெரிய துண்டைப் பிளந்து பார்க்கட்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும்.

மீந்த குழம்பை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெரிய சட்டியோடு வைத்தால் ஆற நேரமாகும். சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். காலையில் ஒரு கொதி விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதித்தாலும் அழியாது.

இத்தனை கவனமாக இருந்தும், கெட்ட கறியைக் கடைக்காரர் நம் தலையில் கட்டினால்? சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி கறிக்கடையும் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். பாதுகாப்பற்ற உணவை விற்றதால் ஒருவர் உடல்நலம் கெட்டால் 1 லட்சம் ரூபாய் வரையும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், உயிரிழந்தால் 5 லட்சத்துக்குக் குறையாமலும் இழப்பீடு விதிக்க அதில் இடமுண்டு.

காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கைமருந்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள்; குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் விஷயத்தில் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கடை பில்லையும் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலேயே புகார் அனுப்பலாம்.